நல்வரவுப் பட்டை

மண்டபத்து போர்டில் இப்போது தொங்குகிற ‘நல்வரவு’ நான் வெட்டியது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் ‘ர’வின் கால் கோணலாக இருக்கிறது. சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது. ஓரமெல்லாம் பிசிறு. வெளியூரில் யாரோ அவசரத்துக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் இருந்ததுதான் நான் வெட்டியது. அது இப்போது என் கடையில், லேசர் மெஷினுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. அதை ஏன் கழற்றிக்கொண்டு வந்தேன் என்று செஞ்சியில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். போர்டுக்காரிக்குத் திமிர் என்கிறார்கள். திமிர்தான். அந்தத் திமிர் வருவதற்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான் எழுத்து வெட்டுகிறவள், என் வீட்டுக்காரர் வெல்டர். அளவெடுப்பது, டிசைன் போடுவது, கஸ்டமரிடம் சண்டை போடுவது என் இலாகா. பைப்பு, நெருப்பு, ஏணி எல்லாம் அவர் இலாகா. ஆரம்பத்தில் ஃப்ளெக்ஸுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மெஷின் வந்தது, அக்ரிலிக் எழுத்து வந்தது, ‘அந்த அக்கா கடையில குடு, எழுத்து நேரா நிக்கும்’ என்று சொல்கிற அளவுக்குப் பெயரும் வந்தது. வீடு மட்டும் பழைய இடத்தில்தான், ஊரைத் தாண்டி ஏரியோரம் இருக்கிற காலனியில். காலையில் ஸ்கூட்டியில் கடைக்கு வருகிற வழியில்தான் அந்த மண்டபம்.

மண்டபம் கட்டி முடிகிற நேரத்தில் அதன் ஓனர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். நிலபுலம் உள்ளவர், நல்ல மாதிரியாகப் பேசுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை முழுசாகக் குடித்தார். அதைக் கவனித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கவனித்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கவனிப்போம்.

“மேல மண்டபத்து பேரு, அது நெலையா இருக்கட்டும். கீழ பொண்ணு மாப்ள பேரு. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாத்திக்கற மாதிரி வேணும். முடியுமாம்மா?”

“ஓடுற லைட்டு போட்டுடலாமா சார்?”

“வேணாம், வேணாம். பஸ்ஸு போர்டு மாதிரி இருக்குது. வெளியூர்ல ஒரு எடத்துல பாத்தேன், எழுத்த ஒவ்வொண்ணா சொருகறாங்க. பாக்க கவுரவமா இருந்துது.”

முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர் போனபிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வெளியூரில் அவர் பார்த்தது இங்கிலீஷ் போர்டாக இருக்கும். இருபத்தாறு எழுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வெட்டி ஒரு பெட்டியில் போட்டால் முடிந்தது. தமிழுக்கு அப்படி முடியுமா? இருநூற்று நாற்பத்தேழையும் வெட்டலாம், ஆனால் ஏணிமேல் நின்றுகொண்டு யார் தேடி எடுப்பது? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பிரஸ்காரரிடம் போய் மிச்சம் விழுந்த கல்யாணப் பத்திரிகைகளை ஒரு கட்டு வாங்கிவந்தேன். ஒவ்வொரு பத்திரிகையிலும் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், அப்பன் பெயர், ஊர் பெயர். எந்த எழுத்து அதிகம் வருகிறது, எது எப்போதோ ஒருமுறை வருகிறது என்று நோட்டில் கோடு கிழித்துக் கிழித்து எண்ணினேன். கொம்பையும் காலையும் தனித் தகடாக வெட்டிக்கொண்டேன், அவை எல்லா எழுத்துக்கும் பொது. புள்ளி வைத்த எழுத்துகள் தனி. ‘கு’ ‘மு’ மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறவையும் தனி.

போர்டு சாதாரண வேலை இல்லை. பின்னால் வெள்ளை அக்ரிலிக், அதற்கு உள்ளே எல்இடி. முன்னால் நான்கு வரிசை அலுமினியம் சேனல். எழுத்து வெட்டிய கறுப்புத் தகடுகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினால் போதும், எழுத்து மட்டும் வெளிச்சமாகத் தெரியும். முன்பக்கம் மழைக்கும் குரங்குக்கும் தாங்குகிற மாதிரி ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. கோட்டை மலைக் குரங்குகளுக்குப் பயந்து போர்டுக்குப் பூட்டு வைக்கிற ஊர் எங்களுடையது. ஒரு சாவி ஓனருக்கு. இன்னொன்றை ரிப்பேருக்கு வரும்போது உதவும் என்று என் கொத்தில் கோத்துக்கொண்டேன்.

மாட்டுவதற்கு முன்னால் கடை வாசலில் போர்டைப் படுக்கவைத்து, கரண்ட் கொடுத்து, எழுத்து சரியாக நிற்கிறதா என்று பார்த்தோம். ஏதாவது ஒரு பெயர் போட வேண்டும். என் தங்கை பெயரைப் போட்டேன். அவள் அப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் வரிசையில் அவள் பெயர், மூன்றாவதில் எங்கள் நைனா பெயர், அதற்குப் பக்கத்தில் ‘இல்லத் திருமணம்’. மாப்பிள்ளை இடம் காலி. நைனா ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். அன்றைக்குப் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற பேரே கெடைக்கலயா ஒனக்கு?” என்று தங்கை சிணுங்கினாள். சிணுங்கிக்கொண்டே என் போனை வாங்கிப் படம் எடுத்தாள்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. “இவ கல்யாணத்த இந்த மண்டபத்துலதான் வைக்கறோம். மெயின் ரோட்டுல இந்த பேரு எரியணும்,” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போர்டை மாட்டிய அன்று ஓனருக்கு ஒரு குறை. “எல்லாம் ஜோரா இருக்குதும்மா. விசேஷம் இல்லாத நாள்ல காலியா கெடந்தா பல்லு போன வாய் மாதிரி தெரியுமே?” என்றார். வேலை நன்றாக வந்த மிதப்பில் இருந்தேன். அதற்கென்ன சார் என்று, நான்கு வரிசையையும் மூடுகிற மாதிரி ஒரே தகட்டில் சிவப்பாக ‘நல்வரவு’ என்று வெட்டி, இரண்டு பக்கமும் ஒரு குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் எடுத்துவிட்டு அந்தப் பட்டையைத் தள்ளினால் போதும், ஒரு நிமிஷ வேலை. அவர் கேட்டது ஒரு யோசனை. நான் கொடுத்தது பட்டை. என் சொந்த மூளை, என் சொந்த மெஷின். அன்றைக்கு இருந்த பெருமையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் கல்யாணம் மேல்சித்தாமூர்க் குடும்பம் ஒன்றுடையது. நீளமான பெயர்கள். எழுத்து போதுமா என்று எனக்குச் சந்தேகம். சாயங்காலம் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் போய் நின்றுகொண்டேன். எல்லா எழுத்தும் வந்துவிட்டது, மிச்சமும் இருந்தது. ரோட்டில் போகிற லாரிக்காரன்கூட வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனான். நான் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் தினமும் போகும்போதும் வரும்போதும் போர்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. யார் யாருக்குக் கல்யாணம், எழுத்து சரியாகக் கோத்திருக்கிறார்களா, கொம்பை இடம் மாற்றிச் செருகிவிட்டார்களா என்று வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணை உறுத்தியது. சில முகூர்த்த நாட்களில் மண்டபத்து வாசலில் வேன் நிற்கும், நாதஸ்வரம் கேட்கும், சமையல் புகை வரும். போர்டில் மட்டும் ‘நல்வரவு’.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! சோம்பேறிப் பயல்கள் என்று நினைத்தேன். ஒரு ஏணி போட்டு நாலு எழுத்தைத் தள்ள வலிக்கிறதா? மூன்று நாள் சோறு தின்னாமல் நான் எண்ணியதெல்லாம் இதற்குத்தானா? இறங்கிப்போய் மேனேஜரைப் பிடித்தேன். நடுத்தர வயசு, எதற்கும் முகம் மாறாத ஆள்.

“இன்னாண்ணே, இன்னிக்கு கல்யாணம் இல்லயா? பேர காணோம்?”

“எழுத்து பத்தலம்மா,” என்றார்.

எழுத்து பற்றவில்லையா? என் கணக்கில் தப்பா? இராப்பகலாக அதே யோசனை. பழைய நோட்டை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். கடைசியில், எதற்கு வம்பு என்று இன்னொரு செட்டு முழுசாக வெட்டி, காசு வாங்காமல், பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டி அவர் மேசைமேல் வைத்தேன். “இனிமே பத்தலன்னு சொல்லக் கூடாது” என்றேன். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரிம்மா” என்றார்.

அப்போதும் சில நாட்களில் ‘நல்வரவு’தான். கேட்டால் டைம் இல்லை என்பார், ஏணி கிடைக்கவில்லை என்பார், கரண்ட் இல்லை என்பார். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணமும் அப்படி ஒரு நாளில்தான் வந்தது. பந்தலிலும் சமுதாயக் கூடத்திலும் கல்யாணம் செய்துகொண்டிருந்த எங்கள் காலனிக்காரர்கள் ஏசி மண்டபம் எடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. எதிர்வீட்டுப் பெரியம்மா மூன்று எருமையை வைத்துப் பெண்ணை நர்சுக்குப் படிக்கவைத்தவர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் இறங்குகிறேன், மேலே ‘நல்வரவு’. அவர்கள் அடித்த ஃப்ளெக்ஸ்கூட கேட்டுக்கு உள்ளே, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் மண்டபம் அதிர மேனேஜரிடம் கத்தினேன். இது போர்டா, இல்லை சுவரில் அடித்த ஆணியா, எதற்கு இதைச் செய்யச் சொன்னீர்கள் என்று கத்தினேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மாதான் வந்து கையைப் பிடித்தார். “வுடுமே. நீ ஏன் தொண்ட கிழிய கத்தற. போயி சாப்புடு.” அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பயந்த சுபாவம், ஞாயம் கேட்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். போய்ச் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக்கூட வந்தேன்.

பிறகு தங்கைக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை அனந்தபுரத்துப் பக்கம், கூட்டுறவு சங்கத்தில் வேலை. மண்டபம் எதுவென்று பேச்சே எழவில்லை. நானும் நைனாவும் போய் நாளைச் சொன்னோம். ஓனர் எழுந்து நின்று வரவேற்றார். “நம்ம போர்டு செஞ்ச பொண்ணோட தங்கச்சியா? தாராளமா வெச்சிக்கங்க” என்றார். மற்றவர்களுக்கு எவ்வளவோ அதே வாடகையைக் கட்டி ரசீது வாங்கினோம்.

அன்றிலிருந்து நைனாவுக்கு வேறு பேச்சே இல்லை. பத்திரிகை வைக்கப் போகிற இடத்திலெல்லாம் அதே வசனம். “மண்டபத்த கண்டுபுடிக்க வழியே கேக்க வேணாம். மெயின் ரோட்டுல நேரா வந்துக்கினே இருங்க. எங்க பொண்ணு பேரு லைட்டுல தெரியும். அங்க எறங்கிடுங்க.” மண்டகப்பட்டில் இருக்கிற அத்தை வீட்டில் சொன்னார். சம்பந்தி வீட்டில் சொன்னார். வேன் டிரைவரிடம் சொன்னார். பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு வாரம் முன்னாலேயே மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். போர்டில் ‘நல்வரவு’ எரிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் டைனிங் ஹாலில் வாழை இலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பேரு?”

“எழுத்து பத்தலம்மா.”

பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது அவருக்கு. வந்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்கும். இலையைக் கீழே வைத்தார்.

“எந்த எழுத்து பத்தல? சொல்லுங்க, அத மட்டும் இப்பவே போயி வெட்டியாறேன்.”

“ரெண்டு மூணு ஒடஞ்சி போச்சி…”

நான் போனை எடுத்துக் காட்டினேன். கடை வாசலில் படுக்கவைத்த போர்டு, அதில் தங்கை பெயர், நைனா பெயர், ஓரத்தில் பெயின்ட் டின். “இந்தப் போர்டுல மொதமொதல்ல எரிஞ்ச பேரே இதுதாண்ணே. ஒரு செட்டு இருக்கும்போதே பத்திச்சி. இப்ப ரெண்டு செட்டு இருக்குது. எப்டி பத்தாம போச்சி?”

அந்த மாறாத முகம் அன்றைக்கு மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா என்ன போட்டு கொடயிற? ஓனர் சொல்லாம நானா செய்யறேன்? ஒங்க பக்கத்து விசேஷம்னா பட்டய மாட்ட சொல்லி இருக்காரு. மொத நாள்லேருந்தே அப்டித்தான். ஒனக்கு தெரியாதா?”

‘ஒங்க பக்கத்து’ என்றாரே, அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு வருஷமும் விளங்கிவிட்டது. வேன் நின்ற நாட்கள், நாதஸ்வரம் கேட்ட நாட்கள், நான் சோம்பேறிகள் என்று திட்டிய நாட்கள். அன்றைக்கெல்லாம் உள்ளே தாலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் யார்? பெயரைப் போட்டு, அப்பன் பெயரைப் போட்டு, ஊரும் தெருவும் போட்டால் இந்தப் பக்கத்தில் யார் எவர் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரியக் கூடாது என்றுதான் பட்டை. எனக்கு ஏன் தோன்றவில்லை? கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுத்து வெட்டிக் கொடுத்து, எல்லாரும் அக்கா என்று கூப்பிட, அது போதும் என்று இருந்துவிட்டேன். எழுத்துக்கு என்ன பக்கம் என்று நினைத்தேன். முட்டாள்.

ஓனர் கேட் பக்கத்து ஆபீஸ் அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “வாம்மா. எல்லாம் நல்லா நடக்குதா?”

“பேரு போடல சார்.”

சிரிப்பு அப்படியேதான் இருந்தது. “ஒக்காரு. மண்டபம் குடுத்தேன்ல? ஏசி ஓடுது, ஜெனரேட்டர் ரெடியா இருக்குது. உள்ள இன்னா கொறை, சொல்லு. ரோட்டுல பேரு வந்தா நாளைக்கி நாலு பேரு கேள்வி கேப்பான். அடுத்த முகூர்த்தம் புக் பண்றவன் யோசிப்பான். நான் அப்டி பாக்கறவன் இல்லம்மா. ஒங்கடையில டீ குடிச்சவன்தான நானு? இது யாவாரம்.”

நான் கவனித்த டீயை அவரும் கவனித்திருக்கிறார். ஒரு வருஷமாக அதைக் கணக்கில் வைத்திருந்து, இன்றைக்கு எடுத்து என் முன்னால் வைக்கிறார்.

“சொல்லப்போனா ஒனக்குத்தான் நன்றி சொல்லணும். அந்தப் பட்ட இல்லன்னா என் பாடு திண்டாட்டம். பேரும் போடாம, காலியாவும் வுடாம, யார் மனசும் கோணாம ஓடிக்கினு இருக்குது. நல்ல மூளம்மா ஒனக்கு.”

வாழ்க்கையில் என் வேலையைப் பாராட்டி யார் சொன்னதும் அப்படிச் சுட்டதில்லை. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரும்பி நடந்தேன்.

வெளியே வந்தால் நைனா ரோட்டில் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டு வேன் பெயரைத் தேடிக்கொண்டே மண்டபத்தைத் தாண்டிப் போய்விட்டதாம். போனில் கூப்பிட்டு, எங்கே மண்டபம், போர்டில் பெயர் வரும் என்றீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். புது வேட்டி, புதுத் துண்டு, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார், ஏதோ லிஃப்ட் கேட்கிறவர் மாதிரி. பெண்ணின் அப்பன். அதைப் பார்த்த பிறகு என்னிடம் யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

டெக்கரேஷன்காரன் ஏணி சுவரோரம் இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, புடி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் ஏறறேன், நீ பட்டுப்பொடவ கட்டியிருக்க” என்றார். “இது என் இலாகா மாமா” என்று சொல்லிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

என் கொத்தில் சாவி இருந்தது. மழை பட்ட பூட்டு ஒரு முறை முரண்டு பண்ணித் திறந்தது. பட்டையை இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் சனியனை. கீழே வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

எழுத்துப் பெட்டிகளை மேனேஜர்தான் கொண்டுவந்து ஏணியடியில் வைத்தார். வைத்துவிட்டு, “நான் பாக்கல” என்று சொல்லிவிட்டு டைனிங் ஹாலுக்குள் போய்விட்டார். முதல் பெட்டியில் எல்லாத் தகடும் இருந்தது, ஒன்றுகூட உடையவில்லை. இரண்டாவது பேப்பர் சுற்றியபடியே இருந்தது. நான் கட்டிய கயிறு, நான் போட்ட முடிச்சு, ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினேன். கீழே எங்கள் காலனிச் சனமெல்லாம் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஓனர் வெளியே வந்து, “எறங்கும்மா, வீண் பிரச்சன பண்ணாத” என்றார்.

“நாளைக்கி முகூர்த்தம் முடியட்டும் சார். நானே எறக்கிடறேன்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பிப் போனார். நான் மாப்பிள்ளை பெயரை இரண்டாவது வரிசையில் கோத்து, நைனா பெயரை மூன்றாவதில் கோத்து, நான்காவதில் எங்கள் தெருப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் கோத்தேன். கதவைப் பூட்டி இறங்கியபோது வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த முறை சரியாக வாசலில் நின்றது.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு, “மூணாவது வரி கொஞ்சம் கோணலா இருக்குது பாரு” என்றார். கோணல் இல்லை. ஏதாவது சொல்லாவிட்டால் அழுதுவிடுவார், அவ்வளவுதான்.

மறுநாள் தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பிவைத்த பிறகு, சொன்ன சொல்படி நானே ஏறி எழுத்துகளை எடுத்தேன். வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, என் சாவியையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். பட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான்கு வரிசையும் வெள்ளையாக எரியட்டும், எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் அதை நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஜெயித்துவிட்டு வருகிற மிதப்பு கொஞ்சம் இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“இன்னாமே, அத எடுத்தாந்துட்டியா?”

“ஆமாம் பெரிம்மா. இனிமே எவன் கல்யாணத்துக்கும் இத மாட்ட முடியாது.”

“எங்க பொண்ணு கல்யாணத்தப்பவே எடுத்திருக்கலாமில்ல?”

“அப்ப எனக்கு தெரியாது பெரிம்மா. எதுக்கு மாட்டறாங்கன்னே நேத்துதான் தெரிஞ்சிது.”

உதறிக்கொண்டிருந்த துணி அவர் கையில் நின்றது. கோபமே இல்லாத குரலில்தான் கேட்டார்.

“தெரியாதா? நீதான வெட்டிக் குடுத்த? ஒனக்கு தெரிஞ்சிதான் செஞ்சிருக்கன்னு காலனியில எல்லாரும் நெனச்சிக்கினு இருக்கறோம். பொழப்புக்கு செய்யுது, போவட்டும்னு வுட்டுட்டோம். அன்னிக்கி மண்டபத்துல கத்தனியே, அதுகூட எங்க முன்னால சும்மா கத்தறன்னுதான் நெனச்சேன்.”

ஒரு வருஷம். எத்தனை கல்யாணம். அந்தப் பட்டைக்குக் கீழே நுழைந்து போனவர்கள் ஒவ்வொருவரும், காலையில் ஸ்கூட்டியில் போகிற என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கடைக்குக் கிளம்பிட்டியா என்று விசாரித்திருக்கிறார்கள். நான் தெரிந்தே செய்தவள் என்று நினைத்துக்கொண்டே, என்னை மன்னித்துக்கொண்டே.

“சத்தியமா தெரியாது பெரிம்மா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டார். நம்புகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.